வழக்கம் வேறு, கடமை வேறு

 

அம்பத்தூரில் நான் ஓதிக் கொடுக்கும் மாலை நேர மதரஸாவிற்கு, மழை பெய்த ஒரு நாளில் பாதிப் பிள்ளைகளே வந்திருந்தனர். புதுப்பாடம் தொடங்கினால் வராத பிள்ளைகள் பின்தங்கி விடுவர். ஆகவே, வந்திருந்தோர் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்கள் வீட்டில் இருப்போர் யார் யார் என்று எழுதுங்கள்" என்றேன்.

அந்தப் பத்தொன்பது தாள்களும் இப்போது என் மேசைமீது இருக்கின்றன. காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிறுமி, "உம்மா, உம்மும்மா, சாச்சி, சாச்சியின் பிள்ளைகள், வாப்பா ஹாங்காங்கில்" என்று எழுதியிருக்கிறாள். சாச்சி என்று அவள் குறிப்பது உம்மாவின் தங்கையை. தஞ்சைப் பகுதி ராவுத்தர் குடும்பத்துச் சிறுவனின் தாளில் அத்தா, அம்மா, அத்தாவைப் பெற்றவர்கள், இன்னும் மணமாகாத சின்னத்தா ஆகியோர் இருக்கின்றனர். உருது பேசும் வீட்டுப் பிள்ளையொருத்தி தாதிமாவில் தொடங்கிப் பதினொரு பேரை எழுதியிருக்கிறாள். பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகன், இங்குள்ள பள்ளியில் கற்ற தமிழில், "அப்பா, அம்மீ, நான்" என்று மூன்று சொற்களில் முடித்துவிட்டான்.

ஒரு சிறுவன் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். "ஹஜரத், எங்கள் நன்னிமா வேறு வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அவர்களையும் எழுதலாமா?" என்று கேட்டான்.

நான் உடனே விடை கூறவில்லை. ஏன் கூற இயலவில்லை என்பதை உங்களிடம் சொல்வதற்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

இரு வீட்டார், ஒரு வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் குத்பா ஓதி நடத்திவைத்த நிக்காஹ் ஒன்று, ஓராண்டு நிறைவதற்குள் ஜமாஅத்தின் முன் வழக்காக வந்தது. மணமகள் தென்கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்து அம்பத்தூரில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள். மணமகன் ஆவடியில் வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. விதவைத் தாய்க்கு ஒரே மகன். பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி மாடியில் ஒரு வீட்டைக் கட்டி, அதை மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தனர். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கிய செய்தி. மருமகள் தம் வீட்டிற்கு வருவாள் என்பது அந்தத் தாய்க்கும் அவ்வாறே விளங்கிய செய்தி. நிக்காஹுக்கு முன்னர் இரு தரப்பினரும் மஹரைப் பேசினர், விருந்தைப் பேசினர். வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என் மகனை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள், ஹஜரத்" என்று அந்தத் தாய் அழுதார். "எங்கள் பெண்ணைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக அனுப்பச் சொல்கிறார்கள்" என்று மணமகளின் தாய் அழுதார். இரு அழுகைக்கும் நடுவே இருவரும் கூறிய ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது: "நம் மார்க்கத்தில் இதுதானே முறை!"

இருவரும் பொய் சொல்லவில்லை. தத்தம் பாட்டியின் வீட்டில் கண்டதை மார்க்கம் என்று நம்பியிருந்தனர், அவ்வளவே. நானும் குற்றமற்றவன் அல்லன். வலீ யார், சாட்சிகள் எவர், மஹர் எவ்வளவு என்று வினவிய நான், "இவர்கள் எங்கே வாழப் போகிறார்கள்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரே கலிமா, பல குடும்ப முறைகள்

தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே குடும்பம் அமையும் முறை ஒன்றாக இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் மணமகன் மணமகளின் வீட்டிற்குச் சென்று வாழ்கிறார்; வீடு மகளுக்கு உரியதாகிறது. ஆண்கள் மரக்கலம் ஏறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று, மாதக்கணக்கில் திரும்பாதிருந்த வணிக வாழ்க்கைக்கு அவ்வழக்கம் பொருத்தமாக இருந்தது. கணவர் கடல் கடந்திருக்கையில் மனைவி தன் தாயோடும் சகோதரிகளோடும் பாதுகாப்பாக இருந்தாள். உள்நாட்டில் வேளாண்மையும் வணிகமும் செய்த ராவுத்தர் குடும்பங்களிலோ மருமகள் கணவரின் வீட்டிற்கு வருகிறாள். நிலம் மகன்களிடம் இருந்தது. ஆகவே வீடும் மகன்களிடம் இருந்தது.

பூவிருந்தவல்லியில் 1653-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்று உண்டு. கோல்கொண்டா ஆட்சி இப்பகுதியில் நிலவிய காலம் அது. தக்காணத்திலிருந்தும், பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் காலத்திலும் தமிழகம் வந்து சேர்ந்த உருது பேசும் குடும்பங்களில், தந்தைவழிப் பாட்டியாகிய தாதியையும் தாய்வழிப் பாட்டியாகிய நானியையும் வெவ்வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள். மருமகள் சென்று சேர்வது தாதியின் வீட்டிற்கே.

சற்று மேற்கே நோக்குங்கள். கண்ணூர்ப் பகுதி மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே தாய்வழித் தறவாடுகள் இருந்தன. அறக்கல் அரச குடும்பத்தில் மூத்தவர் பெண்ணாக இருப்பின் அவரே பீவி என்னும் பட்டத்துடன் ஆட்சித் தலைமை ஏற்றார். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தமையால், அத்தறவாடுகளின் சொத்தைப் பிரிக்க வழி செய்யும் மாப்பிள்ளை மருமக்கத்தாயச் சட்டம் 1939-இல் நம் சென்னையில்தான் இயற்றப்பட்டது. கிழக்கிலங்கையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்கள் இன்றும் தாய்வழிக் 'குடி'களைக் கொண்டுள்ளனர். அங்கே வீடு மகளுக்கே சேர்கிறது. அப்பகுதி இந்துத் தமிழரிடமும் இதே முறை உண்டு என்பதைக் கவனியுங்கள். வழக்கம் என்பது மண்ணில் முளைப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினங்கபாவு முஸ்லிம்களும் குலத்தைத் தாய்வழியில் எண்ணுவோரே.

1960-களின் பிற்பகுதியில் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் நம் பல்லாவரத்தில் வந்து தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய நூல் 1972-இல் வெளிவந்தது. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்னும் பிரிவுகளை அவர் எழுதி வைத்தார். அதே பிரிவுகள் இன்று என் வகுப்பில் ஒரே பாயில் அமர்ந்து ஓதுகின்றன. நாளை இப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்துகொள்வார்கள். அப்போது மேற்கூறிய வழக்கு மீண்டும் மீண்டும் வரும்.

அண்ணலாரின் வாழ்வில்

"எது சுன்னத்தான முறை?" என்று சிலர் வினவலாம். அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றையே புரட்டிப் பாருங்கள். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயை இழந்து பாட்டனாரிடமும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களிடமும் வளர்ந்தார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களை மணந்தபின் அந்த அம்மையாரின் இல்லத்திலேயே வாழ்ந்தார்கள். பஞ்சம் வந்தபோது அபூதாலிபின் சுமையைக் குறைக்கச் சிறுவர் அலீ (ரலி) அவர்களைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். மதீனாவில் மனைவியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை இருந்தது. ஃபாத்திமா நாயகி (ரலி) மணமானபின் கணவரோடு தனி வீட்டில் குடியேறினார்கள். மகள் சற்று அருகில் இருக்க வேண்டும் என்று அண்ணலார் விரும்பியதை அறிந்த ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) என்னும் தோழர் தம் வீட்டையே விட்டுக் கொடுத்தார்.

ஒரே திருவாழ்வில் எத்தனை வகைக் குடும்பங்கள்! எவர் இல்லத்தில் எவர் வாழ்வது என்பதை மார்க்கம் நம் சூழலுக்கு விட்டுவிட்டது. எவருக்கு எவர்மீது உரிமை உண்டு என்பதை மட்டும் உறுதியாக வரையறுத்தது.

கூட்டுக் குடும்பத்தைக் கலைத்தது எது?

தலைமுறைகளுக்கிடையே நேர்ந்த மாற்றத்தையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். "இக்காலப் பெண்கள் வந்துதான் கூட்டுக் குடும்பத்தைக் கலைத்தார்கள்" என்று பெரியவர்கள் கூறக் கேட்கிறோம். எங்கள் வட்டாரத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் முதலில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கினார். பிறகு மனைவியை அழைத்து வந்தார். அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் கணவன், மனைவி, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கென்று அளந்து கட்டப்பட்டது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அதில் ஓர் அறை இல்லை. யாரும் யாருடனும் சண்டையிடாமலே கூட்டுக் குடும்பம் பிரிந்தது.

இன்று அந்த முதல் தலைமுறை ஓய்வு பெற்று, பட்டாபிராமிலும் அயப்பாக்கத்திலும் வாங்கிய சிறு வீடுகளில் தனித்திருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கின்றனர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம் பெண்ணொருத்திக்குப் பிறக்கும் சராசரிப் பிள்ளைகள் 1992-93-இல் 4.4, 2019-21-இல் 2.4. அதாவது, ஐந்து பிள்ளைகள் பகிர்ந்து சுமந்த பெற்றோரை இனி இருவரோ ஒருவரோ சுமக்க வேண்டும். சாச்சா, மாமு, காலா என்ற உறவுப் பெயர்களுக்கு உரியவர்களே குறைந்து வருகின்றனர்.

தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் இன்னொரு காட்சி. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் சமைத்து உண்டு உறங்குகின்றனர். ஜும்ஆவில் பின்வரிசைகளை நிரப்புவோர் அவர்களே. நம் பாட்டனார் அன்று வாழ்ந்த வாழ்க்கையை அவர்கள் இன்று வாழ்கிறார்கள். ஊரில் அவர்களுடைய மனைவியர் மாமியார் வீட்டில் காத்திருக்கின்றனர்.

மாறாத உரிமைகள்

குடும்பத்தின் வடிவம் மாறலாம். கடமைகள் எவை? சிலவற்றை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கணவன் தன் மனைவிக்கு அவளுக்கென்று தனித்த இருப்பிடம் தர வேண்டும் என்பது ஹனஃபீ சட்ட நூல்கள் கூறும் விதி. தனி வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவள் பூட்டிக்கொள்ளத்தக்க தனிப்பகுதியாயினும் போதும். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம்; அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. அதைக் கட்டாயமெனக் கூறி அவளை மிரட்ட எவருக்கும் உரிமை இல்லை.

வறுமையுற்ற பெற்றோரைப் பராமரிக்கும் கடமை, ஹனஃபீ மத்ஹபில், வசதியுள்ள மகனுக்கும் மகளுக்கும் சமமாக உரியது. "நான் கட்டிக் கொடுக்கப்பட்டவள்" என்று மகளும் விலக முடியாது. "நான் மனைவி வீட்டில் இருக்கிறேன்" என்று மகனும் விலக முடியாது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மகன், மகள் இருவர்மீதும் முறையிடலாம். அந்த நிலைக்கு ஒரு தாயைக் கொண்டு செல்வது நமக்கு அழகா என்று எண்ணிப் பாருங்கள்.

சொத்தில் இரு வழக்கத்தாருமே தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். "நகை போட்டாயிற்று" என்று கூறி மகளின் வாரிசுரிமையை விழுங்குவது உள்நாட்டார் பலரின் குறை. மகளுக்கு வீடு கொடுப்பது அழகிய வழக்கமே. ஆயினும் "வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை" என்று ஏழைத் தந்தையை நெருக்குவது அவ்வழக்கத்தின் கேடு. கிழக்கிலங்கையில் மகளின் சீதன வீட்டைக் கட்டுவதற்காகவே தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலை செய்யச் சென்றிருக்கின்றனர். பெண்ணுக்குப் பாதுகாப்பாகப் பிறந்த வழக்கம் பெண்ணையே வாட்டும் சுமையாயிற்று. பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தைக்குச் சாட்சி நிற்க அண்ணலார் (ஸல்) மறுத்ததை இரு சாராரும் மறக்கலாகாது.

மேலும் ஒன்று. பாட்டனார் உயிரோடிருக்கையில் மகன் மறைந்தால், மற்ற மகன்கள் இருக்கும் நிலையில் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. அன்று ஒரே முற்றத்தில் பெரியத்தாவும் சின்னத்தாவும் அந்த அநாதைகளை வளர்த்தனர். இன்று முற்றமே இல்லை. மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாமல் வஸிய்யத் எழுதி வைக்கும் வழியை மார்க்கம் திறந்தே வைத்திருக்கிறது. எத்தனை பாட்டனார்கள் எழுதி வைக்கிறார்கள்? கூட்டுக் குடும்பம் தானாகவே செய்துவந்த கடமைகளை இனி நாம் நினைத்து, பேசி, எழுதிச் செய்தாக வேண்டும்.

என் சொந்தக் கணக்கு

பிறர் வழக்கைப் பேசிய நான் என் வழக்கையும் சொல்லியாக வேண்டும். என் அத்தா தம் இறுதி நான்கு ஆண்டுகளை ஊரில் என் அக்காவின் வீட்டில் கழித்தார். வாடகைக்கு நாங்கள் இருந்த இரண்டு அறைகளில் படுக்கையில் கிடந்த அவருக்கு இடமில்லை. "மகன் இருக்க மகள் வீட்டில் கிடக்கிறாரே" என்று உறவினர் கூறும்போதெல்லாம் நான் கூனிக் குறுகினேன். அந்த வெட்கத்தால் ஊருக்குச் செல்வதையே குறைத்துக்கொண்டேன். பணம் மட்டும் மாதந்தோறும் சென்றது.

அத்தா வஃபாத்தானபின் அக்கா சொன்னார்: "அவர் இங்கே இருந்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. அஸருக்குப் பின் வாசலில் உட்கார்ந்து, நீ வருகிறாயா என்று பார்ப்பார். அது ஒன்றுதான்."

மகள் வீட்டில் தந்தை இருந்ததில் மார்க்கம் குறை காணவில்லை; குறை கண்டது வழக்கம். வழக்கத்திற்கு நான் வெட்கப்பட்டேன், கடமையைத் தவறவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

நிக்காஹுக்கு முன் நான்கு கேள்விகள்

அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மூன்று அமர்வுகள் நடந்தன. இறுதியில், இரு வீட்டிற்கும் பொதுவாக, மாமியாரின் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு வாடகை வீடு பார்க்கப்பட்டது. தாயின் செலவுக்குரிய தொகையை மாதத்தின் முதல் நாளில் மகன் கொடுப்பதென்று எழுதிக்கொண்டனர். பெண்ணைப் பெற்றவர்களின் மாடி வீடு வாடகைக்கு விடப்பட்டது, வாடகை மகளுக்கு. மாமியார் முதல் ஆறு மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேரன் பிறந்த ஏழாம் நாள் வந்தார். இப்போதும் இரு சம்பந்திகளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் எவரும் எவரையும் விட்டுவிடவில்லை.

அன்று முதல், நிக்காஹ் பேச வருவோரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு வருகிறேன். இவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? இரு தரப்புப் பெற்றோரின் முதுமையை எவர், எவ்வாறு பார்ப்பார்கள்? கொடுக்கப்படும் வீடோ நகையோ எவர் பெயரில் இருக்கும்? மனைவி பணிக்குச் சென்றால் குழந்தையை எவர் கவனிப்பார்? இவற்றிற்கான விடையைப் பெரியவர்களிடம் மட்டுமல்லாமல் மணமகளிடமும் கேட்கச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கின்றனர், "நல்ல காரியத்தில் இதெல்லாம் பேசலாமா?" என்கின்றனர். மஹரைப் பேசுவது நல்ல காரியமாயின் இதுவும் நல்ல காரியமே. உங்கள் ஜமாஅத்திலும் கேட்கச் சொல்லுங்கள்.

இனி, அந்தச் சிறுவனின் கேள்வி. மறுநாள் அவனை அழைத்து, "உன் நன்னிமாவை எழுது. முதலில் எழுது. எழுதியபின், கடைசியாக அவர்களைப் பார்த்தது என்று என்பதையும் பக்கத்தில் எழுது" என்றேன். அவன் எழுதினான். அடுத்த வெள்ளியன்று வந்து அந்தத் தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதித் தந்தான்.

வாசகர்களே, நீங்களும் இன்றிரவு ஒரு தாளை எடுத்து அவ்வாறே எழுதிப் பாருங்கள். வேறு வீட்டில் வாழ்வோரையும் நம் குடும்பத்தினராக எண்ணி, அவரவர் உரிமையை அவரவரிடம் சேர்ப்பிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.